ஒன்றரை அங்குலம்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது கீழே விழும். அன்று விழுந்தது காபி டபரா. போனில் வந்த ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டே ஆற்றினேன். பாதி காபி மேடையில் கொட்டியது, மீதி புடவையில்.

நான் பதினாறு வருஷம் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து அது வந்திருந்தது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்கும் நடுவில், மரத்தில் பாய்மரப் படகு கட்டுகிற கம்பெனி. மீன் பிடிக்கிற படகு இல்லை. வசதியுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போவார்களே, அந்த 'யாட்'. கடல் அங்கிருந்து ஒரு மணி நேரம். பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம். கடலே தெரியாத ஊரில் உட்கார்ந்து கடலில் போகிற சாமானைச் செய்கிறோமே என்று எங்களுக்கு ஒரு நாளும் வெட்கமாக இருந்ததில்லை.

கம்பெனிக்கு இருபது வருஷம் ஆகிறதாம். இணையதளத்தில் 'எங்கள் வரலாறு' என்று போடப் போகிறார்களாம். முதலாளியின் மருமகள்தான் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். நல்ல பெண். "ஆண்ட்டி, தமிழ் வெர்ஷன்ல ஸ்பெல்லிங் மட்டும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்" என்று எழுதியிருந்தாள்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. வங்கக் கடலின் முரட்டு அலைகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த நிறுவனர், பழைய ஐரோப்பிய வடிவத்தின் இடுப்பைத் துணிச்சலாக அகலப்படுத்தினார் என்று இருந்தது. அந்த அகன்ற இடுப்புதான் இன்று எங்கள் படகுகளின் அடையாளம் என்றும் இருந்தது.

பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தாராம். அவர் கடலைக் கவனித்த அழகு எனக்குத் தெரியாதா? துறைமுகத்துக்குள் கட்டிப் போட்ட படகு லேசாக ஆடினாலே சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். வாந்தி வராமல் கரை ஏறினால் போதும் என்று இருந்த மனுஷன் அலையை ஆராய்ந்தாராம்.

அந்தப் படகின் இடுப்பை யாரும் அகலப்படுத்தவில்லை. அது ஒரு தப்பு. அந்தத் தப்புக்காக ஒரு தச்சரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே புகழ் போய்ச் சேர்ந்தது மூன்றாவது இடம். பாவம் யாருடையது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளி முதலில் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தார். யாரோ ஒரு வாடிக்கையாளர் அவரைப் பாய்மரப் படகுச் சங்கம் ஒன்றுக்குக் கூட்டிப்போய் விருந்து வைத்தார். வார்னிஷ் அடித்த மரப் படகுகள் வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாளிலிருந்து கிரில்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய படகின் வரைபடத்தை வரவழைத்தார். இருபத்து நாலு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். அதே வகைப் படகுகளுக்கு மட்டும் தனிப் பந்தயம் உண்டு. வரைபடத்தைப் படிக்க ஓர் ஆள் வேண்டும், மரத்தை வெட்ட ஓர் ஆள் வேண்டும் என்று தேடினார்.

படிக்கக் கிடைத்த ஆள் நான். சேலையூரில் வீடு. பாலிடெக்னிக் டிப்ளமா. கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் டிராயிங் போர்டில் நின்றவள். மகள் ஹைஸ்கூல் போக ஆரம்பித்ததும் வேலை தேடிக்கொண்டிருந்தேன். மரம் வெட்டக் கிடைத்தவர் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஃபைபர் படகு வருவதற்கு முன் மரத்தில் படகு செய்தவர். வரைபடம் என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. ஒரு மூங்கில் குச்சியில் வெட்டுப் போட்டு வைத்திருப்பார், அதுதான் அவருக்கு டேப். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை வாய் நிறைய யம்மா என்பார்.

எங்களுக்குள் முதல் வாரமே ஆகவில்லை. எனக்குப் படித்த திமிர், அவருக்குச் செய்த திமிர். அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அது ஏன், இது எதற்கு, இங்கே ஏன் வளைகிறது. பதில் சொல்லி மாளாது. கேட்பது அவர் வேலை செய்யும் முறை. ஒரு மரத்தில் ரம்பத்தைப் போடுவதற்கு முன் மூன்று முறை கேட்பார், அப்புறம்தான் கை வைப்பார். அது எனக்கு அப்போது புரியவில்லை. இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

படகு கட்டுவதற்கு முன்னால், சின்னத் தாளில் இருக்கும் வரைபடத்தை நிஜ அளவுக்குத் தரையில் வரைய வேண்டும். முப்பது அடிக்கு பிளைவுட் பரப்பி, சாம்பல் நிற பெயின்ட் அடித்து, அதன்மேல் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வரைந்தேன். தகரக் கூரை. மே மாதம். வியர்வை சொட்டி பென்சில் கோடு அழியும் என்று தலையில் ஒரு துண்டு கட்டியிருந்தேன். "கோலம் போட்ட கைதானே, சுலபமா வரும்" என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் யாரும் கோலம் போட்டதில்லை சார் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் இருக்கும் கோடு படகின் வெளிப்புறத்தைக் காட்டுகிறது. நாங்கள் முதலில் வெட்டுவது உள்ளே நிற்கும் மோல்டு, அதாவது படகின் வடிவத்துக்கு வெட்டிய குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல்தான் முக்கால் அங்குலப் பலகை வந்து உட்காரும். ஆகவே மோல்டு வெட்டும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முக்கால் அங்குலத்தைக் குறைத்துவிட வேண்டும். குறைக்காவிட்டால் படகு முழுசும் அந்த அளவுக்குப் பருத்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அங்குலம்.

இது எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்துதான் நோட்டில் எழுதி வைத்தேன். முதலில் கோடுகளை வரைந்து முடித்துவிடுவோம், மோல்டுக்கு அளவு எடுக்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று பென்சிலால் ஒரு வரி. 'பலகை கனம் பிறகு.' இவ்வளவுதான் எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அளவு எடுத்துக் கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தச்சர் மூங்கில் குச்சியோடு வந்து, தரையில் இருந்த கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். அப்புறம் கேட்டார்.

"யம்மா, பலகை கனம் தள்ளிட்டியா?"

அன்றைக்கு அது அவருடைய ஏழாவது கேள்வியோ எட்டாவது கேள்வியோ. முட்டி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் படிச்சிட்டு வந்திருக்கேன் அண்ணா. உங்க வேலைய நீங்க பாருங்க."

"செரி" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் கொடுத்த அளவுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டினார். அந்தப் பட்டறையிலேயே கனத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றிய ஒரே ஆள் அவர். அவர் வாயை அடைத்தவள் நான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவித் துடைத்தார்கள். ரம்பத்துக்குச் சந்தனம், டிரில்லுக்குப் பொட்டு, வாசலில் பூசணிக்காய். என் தரைப் பலகையும் அழுக்காக இருக்கிறது என்று முதலாளி புதுசாகச் சாம்பல் பெயின்ட் அடிக்கச் சொன்னார். மோல்டுகள்தான் வெட்டியாயிற்றே, இனி கோடு எதற்கு என்று நானும் சும்மா இருந்தேன். முப்பது அடி நீளத்துக்கு நான் முட்டி தேய வரைந்தது அரை மணி நேரத்தில் மறைந்தது. பொரியும் கடலையும் கொடுத்தார்கள். நின்று தின்றேன்.

அடுத்த கோடையில் படகு முடிந்தது. டிரெய்லரில் ஏற்றி, கிளைகளும் கேபிள்களும் இடிக்காமல் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு பகல் முழுக்க ஆனது. தண்ணீர் எதுவரை வரும் என்று கணக்குப் பார்த்து, சுற்றிலும் சிவப்பாக ஒரு பட்டை அடித்திருந்தோம். கிரேன் இறக்கியது. படகு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு முறை ஆடி, நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். தச்சர் மட்டும் தட்டவில்லை. குனிந்து அந்தச் சிவப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை தண்ணீரைத் தொடவில்லை. இரண்டு விரற்கடை மேலே நின்றது.

தண்ணீர் பொய் சொல்லாது. பருத்த படகு, எடை அதே எடை, அதனால் மிதந்து மேலே நிற்கிறது. தச்சர் என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் போனார்.

"ஈயம் வோணும் சார். கொஞ்சம் தூக்கலா கீது. புதுப் படகு அப்டித்தான் இருக்கும்."

பழைய ஈயத் தகடுகளை வரவழைத்து, படகுக்குள் இறங்கி, அடிக்கட்டையை ஒட்டி அவரே ஒவ்வொன்றாக அடுக்கினார். பட்டை மெல்ல இறங்கி வந்து தண்ணீரைத் தொட்டது. அன்று திரும்பும்போது வேனில் நோட்டைப் பிரித்தேன். அந்த ஒரு வரி அங்கேயே இருந்தது.

அடுத்த வாரம் பந்தயக்காரர்களின் அளவையாளர் வந்தார். இந்தப் படகை வாங்க இருந்த வாடிக்கையாளர் அந்த வகைப் படகுகளின் பந்தயத்தில் ஓட்டத்தான் இதைக் கட்டச் சொல்லியிருந்தார். அளவையாளர் கையோடு கொண்டுவந்த அச்சை இடுப்பில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. ஒன்றரை அங்குலம் அதிகம், இது அந்த வகைப் படகே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பட்டறையில் முதலாளி எங்களை நிற்க வைத்தார். நான், தச்சர், தச்சருக்கு உதவியாக ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த அவருடைய மச்சான், இன்னும் இரண்டு பேர்.

"மோல்டு யாரு வெட்டினது?"

"நான்தான் சார் வெட்னேன்" என்றார் தச்சர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கோடு சரியா இருந்ததா?"

நோட்டு என் கையில் இருந்தது. விரல் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தது.

"கோடு சரியாத்தான் சார் இருந்தது" என்றேன்.

பொய் இல்லை. கோடு சரியாகத்தான் இருந்தது. கோட்டிலிருந்து கனத்தைக் கழிக்காமல் அளவு எடுத்ததுதான் தப்பு. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய்யே சொல்லாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த வாக்கியத்தில் இருந்த அயோக்கியத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. தச்சர் என்னைப் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். தரையில் போய்ப் பார்க்கலாம் என்றால் தரை முழுக்கச் சாம்பல் பெயின்ட்.

அவர் வாதாடவில்லை. உளியையும் இழைப்புளியையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய மச்சான் மட்டும் மாசக் கடைசி வரை இருந்துவிட்டுப் போனான்.

இதோடு கம்பெனி மூடியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூடவில்லை. பந்தயத்தில் ஓட்ட முடியாத அந்த வாடிக்கையாளர், போனால் போகிறது என்று படகைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோனார். வயிற்றில் அத்தனை ஈயம் கிடந்ததால் அது காற்றுக்குச் சாயாமல் ஜம்மென்று நின்றது. அவர் நண்பர்களிடம் சொன்னார். "அதே மாதிரி ஒண்ணு" என்று இரண்டாவது ஆர்டர் வந்தது. அதே மோல்டுகள் மறுபடி வெளியே வந்தன. ஈயத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு புது வரைபடம் வேண்டும் என்றார் முதலாளி. என் தப்பை நானே சுத்தமாக, அழகாக, மையில் வரைந்து கொடுத்தேன். மூலையில் ஒரு கட்டம். வடிவமைப்பு என்ற இடத்தில் முதலாளி பெயர். வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர். வெட்டியவர் என்று ஓர் இடம் எந்த வரைபடத்திலும் கிடையாது.

பதினாறு வருஷம். மகளைப் படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன். ஞாயிறு தவறாமல் தாம்பரத்தில் ஆலயத்துக்குப் போனேன். எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சத்தமாகச் சொன்னேன். முந்நூறு பேரோடு சேர்ந்து பாவி என்று சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் சொல்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று, புடவையைக்கூட மாற்றாமல் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கும்மா. விஷயம்தான் தப்பு."

"எது ஆண்ட்டி?"

"உங்க மாமனார் எதையும் அகலப்படுத்தல. நான் பலகை கனத்தைக் கழிக்க மறந்துட்டேன். அதுதான் உங்க அகன்ற இடுப்பு. அந்தத் தப்புக்காக ஒரு தச்சரை வெளில அனுப்பினாங்க. படகை நேரா நிக்க வச்சதும் அவர்தான்."

பதினெட்டு வருஷம் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவளுக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் வந்துவிட்டது. மனசாட்சியால் வரவில்லை. முதலாளி மேல் இருந்த எரிச்சலில் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் குரலே மாறிவிட்டது. "ஆண்ட்டி, இது செம ஸ்டோரி. பெர்ஃபெக்டா இருக்கிறத யாரும் படிக்க மாட்டாங்க. இப்படி ஒரு மிஸ்டேக் இருந்தாதான் கனெக்ட் ஆகும்." தச்சர் பெயரைக் கேட்டாள். சொன்னேன். குறித்துக்கொண்டேன் என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கம் வெளியானது. நான் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடையோடு எடுத்த என் படம். தலைப்பு 'ஓர் அழகான தவறு'. எங்கள் வரைவாளரின் சிறு கவனக்குறைவுக்குள் ஒளிந்திருந்த வாய்ப்பை நிறுவனரின் கூர்மையான கண் கண்டுகொண்டது என்று எழுதியிருந்தது. தச்சரைத் தேடினேன். கீழே, 'திறமை வாய்ந்த கைவினைஞர்கள் பலரின் உழைப்பும்' என்று ஒரு வரி. அந்தப் பலரில் அவர் கரைந்துபோயிருந்தார்.

மறுபடி போன். "அவர் பேர் எங்கம்மா?"

"போட்டிருந்தேன் ஆண்ட்டி. மாமாதான் எடுக்கச் சொன்னார். ஒருத்தரை டெர்மினேட் பண்ணோம்னு வந்தா நெகட்டிவா இருக்குமாம். நீங்க ஃபீல் பண்ணாதீங்க, உங்களப் பத்திதான் எல்லாரும் பேசறாங்க."

பேசத்தான் செய்தார்கள். எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டுவிட்டார்கள். 'கர்த்தர் உங்கள் தவறையும் நன்மையாக மாற்றினார்' என்று வாழ்த்து மேல் வாழ்த்து. பூங்கொத்து, கைகூப்பல், கேக் படம். ஒருவரும் அந்தத் தவறுக்கு யார் விலை கொடுத்தது என்று கேட்கவில்லை. போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அன்று இரவு சமைக்கவில்லை.

மறுநாள் காலை பழைய நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அங்கிருந்து கடற்கரைச் சாலை. மூன்று பஸ். குப்பத்தில் இறங்கியபோது ஏலம் முடிந்திருந்தது. ஏலம் விடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தச்சரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அப்டி ஆரும் இங்க இல்லியே" என்றார்.

"படகு வேலை பாப்பாரும்மா. முன்னாடி திருமுடிவாக்கத்துல மரப் படகு செஞ்சார்."

"ஒண்ணர இன்ச்சா? அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா. தோ, அந்த ஃபைபர் போட்டாண்ட குந்திகினு கீறாரு பாரு."

நான் நகரவில்லை. அந்த அம்மாள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, வெயிலு ஒத்துக்கலியா?"

அவர் ஒரு ஃபைபர் படகின் விரிசலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சுற்றித் துணி, புருவமெல்லாம் வெள்ளைத் தூள். என்னைப் பார்த்ததும் துணியை இறக்கினார். அடையாளம் தெரிய அவருக்கு நேரம் ஆகவில்லை.

"வாம்மா. குந்து."

உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பலக கனம் பெறவு." நோட்டை என்னிடமே நீட்டினார். "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"ரெண்டு வெரல் மேல நின்னுச்சே, அன்னிக்கே. ஈயம் எதுக்கு கேட்டேன்னு நெனச்ச? யார் கண்ணுலயும் படாம போயிட்டும்னுதான். அளக்க ஆளு வருவான்னு நான் இன்னாத்த கண்டேன்."

"அப்ப பட்டறையில ஏன் அண்ணா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு நின்னேன்." துணியால் முகத்தைத் துடைத்தார். "நீ பொஸ்தகத்த மூடிகின."

என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை என்று சொல்லி என்னை விட்டுவிடுவார் என்ற நப்பாசையில் கேட்டேன்.

"ஏன் இல்லாம? இப்பவும் கீது. ஒரு ரெண்டு வருசம் உன்ன நெனச்சாலே பேஜாரா பூடும், சோறு எறங்காது. மச்சான் வந்து ஊர்ல சொல்ட்டான், தமாசுக்குத்தான் சொன்னான். அன்னிலேர்ந்து ஒண்ணர இன்ச்சு. எம் பேரனகூட பள்ளிக்கோடத்துல அப்டித்தான் கூப்புட்றானுங்க, ஒண்ணர இன்ச்சு பேரன். புதுசா ஒரு படகு செஞ்சி குடுன்னு அதுக்கப்பால எவனும் என்னாண்ட வர்ல. ஒட்டு போடத்தான் வரானுங்க. அளவு தெரியாதவனாண்ட படகு செஞ்சி கடலுக்கு எவன் போவான்?"

இணையதளத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயரைப் போடும்வரை விட மாட்டேன், சண்டை போடுவேன், வேண்டுமானால் வக்கீலைப் பார்ப்பேன் என்றேன். என் குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

"அத்த இங்க எவன் படிக்கப் போறான்? எனுக்கு அது வோணாம்." ஏலக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "தோ, ஆளுங்க குந்திகினு கீறானுங்க. அங்க வந்து சொல்லு."

நான் எத்தனையோ பேர் முன்னால் பேசியிருக்கிறேன். ஆலயத்தில் வேதபாடம் வாசித்திருக்கிறேன். அந்த நாற்பது அடி மணலை நடந்து கடந்ததுதான் கஷ்டமாக இருந்தது. கொட்டகையில் ஏழெட்டு ஆண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மச்சானும் அங்கே இருந்தான். தலை நரைத்துவிட்டது, என்னைத் தெரிந்த மாதிரிப் பார்த்தான். மீன் வெட்டும் அம்மாளும் எட்டிப் பார்த்தார்.

சொன்னேன். கோடு, மோல்டு, பலகை கனம், எல்லாவற்றையும். அவர் கேட்டதையும் நான் சீறியதையும் சொன்னேன். முதலாளி கேட்டபோது நோட்டை மூடியதையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. கடல் இரைச்சலில் பாதி கேட்காது என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"அப்போ அளவுத் தப்பு உன்னுதா?" என்றார் ஒருவர்.

"என்னுது."

"இவுருது இல்ல?"

"இல்ல. அவர் சரியாத்தான் வெட்டினார். என்கிட்ட கேக்கவும் செஞ்சார்."

மச்சான் தலையைக் குனிந்து வலையில் எதையோ தேடினான். மீன் வெட்டும் அம்மாள்தான் கேட்டார்.

"இத்தினி வருசமா வாயில இன்னாம்மா வச்சிகினு இருந்த?"

தச்சர் ஒரு ஓரமாக ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன் என் முகத்தை அப்படித்தான் பார்த்தார்.

கடைசியில் வயதான ஒருவர் வலையைக் கீழே போட்டார். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது போல.

"செரி, வுடு. வெயில்ல வந்துகீது, பாவம். யோவ் ஒண்ணர இன்ச்சு, அந்தம்மாவுக்கு ஒரு டீ சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் உறைக்கவும் இல்லை. கிண்டலுக்குச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவர்களுக்கு அது அவருடைய பெயர், அவ்வளவுதான்.

"தோ" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து கிளாஸை என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. வாங்கிக் குடித்தேன்.